வீட்டில் புழங்கும் கல்

“‘செப்டம்பர் 17, புதன். இன்று ஒரு சிறு தவறு செய்தேன். நம்ம ஊர்க் கற்களைப் பற்றிய பாடத்துக்கு ஆளுக்கொரு கல் கொண்டு வரச் சொன்னபோது, ரோட்டோரம் கிடக்கும் கல் என்று சொல்லாமல், வீட்டில் தினமும் புழங்கும் கல் என்று சொல்லிவிட்டேன்.’ நேத்து எழுதியிருக்கியே, என்னம்மா பிரகதீஸ்வரி இது?”

வாசித்து முடித்த குணசேகரன் டைரியை மேசையில் போட்டார். மாலை வகுப்புகளை மேற்பார்வை பார்க்கும் ஒருங்கிணைப்பாளர் அவர்.

“தப்புதான் சார்” என்றாள் பிரகதீஸ்வரி. எதையும் நேரம் போட்டு எழுதிவைப்பதும், எழுதியது சரிதானா என்று நாலு தடவை பார்ப்பதும் அவள் பழக்கம்.

“கல்லு கெடக்கட்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் பதினஞ்சு பேராவது வரணும்னு சொன்னேனா இல்லையா? மணி அஞ்சே கால். ஒரு ஈ காக்கா இல்ல. போன தடவை வந்ததே ரெண்டு பேரு. அதுல ஒருத்தரு போன் சார்ஜ் போட வந்தவரு! ஆறு மணிக்கு ரிப்போர்ட் எழுதிருவேன். மெயின் ரோட்டுக்கு அங்கிட்டு இருக்கிற சென்டரோட இதைச் சேத்துருவாங்க.”

அங்கிட்டு என்றால் மூன்று கிலோமீட்டர். ஜல்லி லாரிகள் பறக்கும் ரோடு. பொழுது சாயும் நேரத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளையை எந்த வீட்டில் அனுப்புவார்கள்? இருபத்து மூன்று வீட்டுப் பிள்ளைகளும் நின்றுவிடுவார்கள்.

சமுதாயக் கூடத்தின் தரையில் பிள்ளைகள் செய்தித்தாளை விரித்துக் கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அருகிலும் பெயர்ச்சீட்டு. நடுவில், கல்லைச் சோதித்துப் பார்க்க ஆணி, காந்தம், அரை எலுமிச்சம்பழம்.

“எங்க அந்த டீச்சரு?”

வாசலில் மூக்காயி நின்றாள். கையெல்லாம் மஞ்சள்.

“மீனை அலசி வச்சிட்டு மொளகா அரைக்கப் போறேன், அம்மி இருக்கு, கொழவியக் காணோம்! பாடம் நடத்துறீகளா, களவு பழக்குறீகளா?”

“மன்னிச்சுக்குங்கக்கா. இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்குங்க. ஒங்க பிள்ளை ஒரு நிமிசம் பேசும். அதை மட்டும் கேட்டுருங்க.”

மகள் குழவியைத் தூக்கிப் பிடித்தாள். “ஆத்தா, இது கருங்கல்லு. உள்ள மினுக்குது பாரு, அது காக்காப்பொன்னு. ஆணிய வச்சு இழுத்தா ஆணிதான் தேயுது, கல்லு தேயல.”

“இதைச் சொல்ல ஒரு பாடமா? பன்னெண்டு வருசமா என் கைதானடி தேயுது!”

பிள்ளைகள் சிரித்தார்கள். மூக்காயிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குழவியை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்தவள் வீட்டுக் கல் எது என்று பார்க்க அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியண்ணன் மொட்டை அரிவாளோடு வந்தார். தீட்டுகிற கல் போய்விட்டதாம். அவர் பின்னால் நாலு பெண்கள், ஈரத்துணி வாளியோடு. நாலு வீட்டுக்கும் பொதுவான துவைக்கிற கல்லை மூன்று பயல்கள் சாக்கில் வைத்து இழுத்து வந்திருந்தார்கள்.

“தண்ணி வாரதே ஒரு மணி நேரம்! கல்லு இங்க வந்து படிக்குதாக்கும்?”

“கையெழுத்து, அக்கா. ஒவ்வொருத்தரா.”

குணசேகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, இது பெற்றோர் கூட்டமா, பஞ்சாயத்தா?”

ஊறுகாய்ச் சாடியின் மேல் பாரத்துக்கு வைத்த வெள்ளை வெங்கச்சாங்கல், தண்ணீர்த் தொட்டி மூடி பறக்காமல் வைத்த கல், பைக் ஸ்டாண்டுக்கு அடியில் கொடுத்த கல் என்று ஒவ்வொன்றையும் தேடி ஆள் வந்தது. வந்தவர்கள் திட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பிள்ளை பேசுவதைக் கேட்டார்கள். பிரகதீஸ்வரிக்கு மன்னிப்புக் கேட்டே தொண்டை கட்டியது. ஐந்து ஐம்பதுக்குக் கையெழுத்துகளை எண்ணினாள். பதினான்கு. மறுபடி எண்ணினாள். பதினான்குதான்.

குணசேகரன் பேனா மூடியைத் திருகினார்.

“எவன்டா என் கடை பெஞ்சுக்கு முட்டுக் குடுத்த கல்லை உருவுனது?”

டீக்கடை குழந்தைசாமி. ஓரத்தில் செம்புறாங்கல்லைப் பொடித்துக் காந்தத்தில் ஒட்டிய தூளைக் காட்டிக்கொண்டிருந்த அவருடைய மகன், கல்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“பெஞ்சு சாஞ்சு ரெண்டு பேரு டீயோட விழுந்துட்டாக!”

விழுந்த இருவரும் முழங்காலைத் தடவிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் இங்கேதான் படித்தார்கள். பிரகதீஸ்வரி நோட்டை நீட்டினாள்.

பதினேழு.

கூட்டம் கலைந்ததும் குணசேகரன் ரிப்போர்ட்டை எழுதி முடித்தார். சென்டர் இங்கேயே நடக்கலாம். கையெழுத்துப் போட டைரியில் முந்தின நாள் பக்கத்தைத் திறந்தார்.

“ஒன்னால ஊரே கொந்தளிச்சிருச்சு. செஞ்ச தப்பை மறைக்காம எழுதியிருக்க பாரு, அந்த நேர்மைக்காக விடுறேன்.”

பேனா பக்கத்தின் மூலைக்குப் போய் நின்றது. அங்கே பொடி எழுத்தில் நேரம் இருந்தது. காலை 7.10.

“ஏம்மா, நேத்து வகுப்பு சாயந்தரம் அஞ்சு மணிக்குத்தானே?”

பிரகதீஸ்வரி தலை குனிந்தாள்.

“ஆமா சார். சரியா வருமான்னு பயமா இருந்துச்சு. அதான், தப்பை மொதல்ல எழுதிப் பாத்துட்டு, அப்புறமா செஞ்சேன்.”

அவள் டைரியை மெல்ல இழுத்து, பக்கத்தைப் புரட்டி, அன்றைய தேதியில் எழுதினாள்:

‘மாலை 6.12. நாளைய வேலை: உலோகங்கள் பாடம். இன்று யாரும் வராத ஆறு வீட்டுப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பைக் சாவி கொண்டு வர வேண்டும்.’