கேப்டனுக்கு ஒரு வாக்கியம்

"டீச்சர், 'உங்களாலதான்'னு இங்கிலீஷ்ல எப்படிப் பறயணும்?"

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் ஷெர்லி. கருங்கல்லில் ஜாஸ்மி நடத்தும் ஆங்கில வகுப்பு முடிந்து, நர்ஸ் பிள்ளைகள் எல்லோரும் அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள்.

"யாருகிட்ட சொல்லணும்க்கா?"

"ஒரு கப்பல் கேப்டன். பிலிப்பைன்ஸ்காரரு. புயல்ல எங்க ஊரு வள்ளங்க மறிஞ்சப்போ, அவருதான் கப்பல நிப்பாட்டித் தேடி, எனக்க மாப்பிள ஆன்ட்ரூச எடுத்துக் கரைக்குக் கொண்டு வந்தாரு. வருசா வருசம் வீடியோவில கூப்பிடுவாரு. எப்பவும் சர்ச்சுப் பங்குச்சாமிதான் எனக்காகப் பேசித் தருவாரு. இன்னைக்கு எனக்க வாயால சொல்லணும்."



"'பிகாஸ் ஆஃப் யூ'ன்னு சொல்லலாம். ஆனா அது கெட்டதுக்கும் வரும்க்கா. குத்தம் சொல்லுத மாதிரி கேக்கும்."

"ஐயோ, அது வேண்டாம்."

"அப்ப 'தேங்க்ஸ் டு யூ'ன்னு தொடங்குங்க. நல்லது நடந்தா மட்டும்தான் அப்படிச் சொல்லணும். கெட்டதுக்குச் சொன்னா கேலி ஆயிரும்."

ஷெர்லி அதை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தாள்.

"நல்லதுதான் டீச்சர். மாப்பிள வீட்டுக்கு வந்தாருன்னு சேத்துச் சொல்லித் தாங்க."

"தேங்க்ஸ் டு யூ, மை ஹஸ்பண்ட் கேம் ஹோம்."

'ஹஸ்பண்ட்' அவள் நாக்கில் வழுக்கியது. பேரையே சொல்லச் சொன்னாள் ஜாஸ்மி. அது சட்டென்று வந்தது.

போன் அடித்தது. திரையில் நரைத்த தலை ஒன்று தெரிந்தது. ஷெர்லி வாய் திறக்கும் முன்பே அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐ வாஸ் லேட்... பிகாஸ் ஆஃப் மீ..."

"நோ கேப்டன்!" ஷெர்லி இடைமறித்தாள். "தேங்க்ஸ் டு யூ, ஆன்ட்ரூஸ் கேம் ஹோம்."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். வெகுநேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

போனை வைத்ததும் ஜாஸ்மி கேட்டாள். "அழகாச் சொன்னீங்க. ஆனா உயிரக் காப்பாத்துனவரு எதுக்குக்கா இப்படி அழுகாரு? அண்ணனையும் கூட்டிட்டு வந்திருந்தா, பாத்துச் சந்தோசப்பட்டிருப்பாரே?"

ஷெர்லி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அவரு வந்து சேரும்போ உயிரு போயிட்டு, டீச்சர். ஆனா அன்னைக்குக் கடலுக்குப் போய்ச் செத்தவங்கள்ல, எங்க ஊருல கல்லறை இருக்கது எனக்க ஆன்ட்ரூசுக்கு மட்டும்தான்."