பதினேழாம் எண் சட்டை

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை உணவுக்கடையில் மதிய வெயில் மேசைவரை வந்து கிடக்கிறது. டிவியில் ஆஸ்திரேலியக் கால்பந்து; முட்டை வடிவப் பந்து நான்கு கம்பங்களை நோக்கிப் பறக்கிறது. போன ஆண்டுவரை, அதில் ஆடும் மெல்பர்ன் அணியின் பதினேழாம் எண் சட்டை யதீசனுடையது. அவன் கோல் அடித்த நாள்களில் இதே கடையில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தார்கள். முழங்கால் தசைநார் இரண்டாம் முறை கிழிந்து, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது, ஒரு மெசேஜ் அனுப்பி அணி அவனை விலக்கியது. இப்போது அந்தச் சட்டையில் வேறொருவன் ஓடுகிறான், உதைக்கிறான். கோல்! கடையே கைதட்டுகிறது. "யதீசனவிட இவன் ஃபாஸ்ட் லா!" என்கிறார் கல்லாவில் இருக்கும் முதலாளி, மூலையில் அவன் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்காமல். யதீசனின் கையில் குளிர்பான டின் நசுங்கி, பானம் மணிக்கட்டில் வழிகிறது. பக்கத்தில் இருந்த தங்கை ஆரபி பாய்ந்துபோய் டிவியை அணைக்கிறாள். "அன்னிக்கு எங்க அண்ணன்கூட செல்ஃபி எடுக்க முண்டியடிச்சது யாரு?" முதலாளியின் முகம் வெளிறுகிறது. யதீசன் காலை இழுத்துக்கொண்டு வந்து, தானே டிவியைப் போடுகிறான். "அவன் மேல எனக்கு என்ன கோவம், ஆரபி?" பற்களுக்கிடையே சொல்கிறான். "அவனுக்கும் ஒரு நாள் அந்த மெசேஜ் வரும்."