இடது ஓரத்து அக்கா

"போகாதுன்னு சொல்ல நூறு பேர் இருக்காங்கம்மா. போக வைக்கறதுக்குத்தான் நீங்க."

கிளை மேலாளர் கம்ப்யூட்டர் திரையின் இடது ஓரத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார். ஃபைல்களைத் திறக்கும் ஜன்னலில் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் என்று வரிசையாக இருந்தவற்றுக்கெல்லாம் மேலே ஒரு சின்ன மஞ்சள் ஃபோல்டர். பக்கத்தில் ஒரே சொல்: அக்கா.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் டெக்னீஷியன் பெண் தோள்பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

"சார், நான் வந்தது..."

"தெரியும். மூணு மெயில் போட்டிருக்கேன். முதல்ல உட்காருங்க."

உட்கார்ந்தாள்.

அக்கா என்பவர் முந்தைய மேலாளர். லிஃப்ட் பராமரிக்கும் இந்தக் கிளையைப் பதினோரு வருடம் நடத்திவிட்டு, நான்கு மாதத்துக்கு முன் பதவி உயர்வில் போனவர். புதியவர் வந்த முதல் வாரத்திலேயே அக்காவின் நாற்காலி, சுவர்க் கடிகாரம், ஜன்னலோரப் பூந்தொட்டி எல்லாம் வெளியேறின. நான்காவதாக, கிளையின் ஆவணங்களுக்கு அக்கா தன் பெயரில் வைத்திருந்த இந்தக் குறுக்குவழி ஷார்ட்கட் வெளியேறியிருக்க வேண்டும். அது அசையவில்லை.

அவள் அதன் மேல் வலது சொடுக்குப் போட்டு, பட்டியலிலிருந்து நீக்கினாள். ஜன்னலை மூடினாள். திறந்தாள். அக்கா அதே இடத்தில் இருந்தார்.

"பார்த்தீங்களா?" மேலாளர் டையைச் சரிசெய்துகொண்டார். "இதை ஏதோ சின்ன விஷயம்னு நினைச்சுடாதீங்க. இந்தக் கிளையை யார் வழிநடத்தறாங்கங்கற அடிப்படைக் கேள்வி இதுல அடங்கியிருக்கு."

கதவு திறந்தது. ஸ்டோர்கீப்பர் தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"சார், ஆஸ்பத்திரி லிஃப்ட் நாலாவது மாடியில நின்னுடுச்சாம். அதோட வயரிங் படம் அக்காவுல இருக்கும். ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க."

"கிளைத் தொழில்நுட்ப ஆவணத் தொகுப்புல இருக்கும். சுற்றறிக்கை விட்டேனே, படிக்கலையா?"

"படிச்சேன் சார். அதேதான். அக்காவுல."

மேலாளர் பல்லைக் கடித்தபடி அக்காவைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். கதவு மூடியதும் அவர் குரல் இறங்கியது.

"நாலு மாசம்மா. லீவு கேட்கறதுன்னாகூட அந்த அம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் என்கிட்ட வராங்க. ஒருத்தனும் என்னை மேலாளரா நினைக்கல. இந்தப் பேரு ஒண்ணு போகட்டும், எல்லாம் தானா சரியாயிடும்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

கம்ப்யூட்டரின் உள் அமைப்புகளைத் திறந்தாள். எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிகள் ஓடின. அவற்றுக்கு நடுவே அக்காவைக் கண்டுபிடித்து அழித்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது விழித்து எழும்வரை மேலாளர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பவரைப்போல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

எழுந்தது. முதல் வரிசையில், அக்கா.

"தப்பா நினைக்காதீங்க சார், யாரோ ரொம்ப அக்கறையா ஒட்ட வச்சிருக்காங்க."

"அக்கறையை அப்புறம் பாராட்டலாம்மா. அழிங்க."

"அழிக்காம எழுந்திருக்க மாட்டேன் சார். இனிமே இது எனக்கும் மானப் பிரச்சினை."

சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. இருவரும் எழவில்லை. அக்காவை நான்கு இடங்களில் தேடிப் பிடித்து அழித்தாள். நான்கு முறையும் திரும்பி வந்தார். மேலாளருக்கு வியர்த்தது. இடையில் வந்த இரண்டு போன்களுக்கும் "ஒரு முக்கியமான நிர்வாக நடவடிக்கையில இருக்கேன்" என்று சொல்லி வைத்தார்.

இரண்டரை மணிக்கு அவள் மேஜையை மெல்லத் தட்டினாள்.

"பிடிச்சிட்டேன் சார். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஒரு குட்டி ப்ரோக்ராம் ஓடுது. அக்கா இருக்காங்களான்னு பார்க்குது. இல்லைன்னா கொண்டுவந்து உட்கார வச்சிடுது."

"யார் பார்த்த வேலை?"

"ஸ்டோர் கம்ப்யூட்டர்ல இருந்து வந்திருக்கு. தேதி, நீங்க இங்க சேர்ந்த அன்னைக்கு."

"அதை நான் தனியா விசாரிச்சுக்கறேன். முதல்ல அதை ஒழிங்க."

ஒழித்தாள். அணைத்துப் போட்டாள். ஜன்னல் திறந்தது. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ். அவ்வளவுதான். சந்தேகத்துக்கு இன்னும் இருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தார்கள். அக்கா வரவில்லை.

மேலாளர் நிமிர்ந்து நின்றார். நான்கு மாதத்தில் முதல்முறையாக அந்த அறை முழுக்கத் தன்னுடையது என்று அவருக்குத் தோன்றியது.

"இப்பத்தான் இந்தக் கிளைக்கு ஒரே மேலாளர். ரொம்ப நன்றிம்மா. எங்க கையெழுத்து போடணும்?"

"வேலை இன்னும் முடியல சார். உங்க மூணு மெயிலும் ஹெட் ஆபீஸ்ல யாரும் திறக்காமலே கிடக்கு. இது நீங்க கேட்டீங்களேன்னு நானா செஞ்சது. என்னை அனுப்பினது வேற வேலைக்கு."

"வேற என்ன வேலை?"

"உங்களுக்கு மாறுதல் போட்டிருக்காங்க சார், ஆர்டர் சாயங்காலத்துக்குள்ள வந்துடும். உங்க லாகினை எடுக்கச் சொன்னாங்க" என்றபடி அவள் அவர் பெயரின் மேல் ஒரு சொடுக்குப் போட்டாள். அது முதல் சொடுக்கிலேயே போய்விட்டது. திரும்பி வரவேயில்லை.