அணிலுக்குக் கொஞ்சம் கருணை

“இந்தத் தடவையும் செத்துடுவேன் போலிருக்கு, மேடம்” என்றான் கணவன், பாறை விளிம்பைப் பார்த்தபடி.

“செத்தா என்ன? எழுந்து வந்து மறுபடி குதிங்க” என்றாள் மனைவி, மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரையில் அணில் தானாக ஓடியது. குதிக்க வைப்பது மட்டும்தான் அவன் பொறுப்பு. அவன் கட்டைவிரல் நடுங்கி நடுங்கி, பட்டனை ‘டக்’கென்று அழுத்துவதற்குள் அணில் பள்ளத்தில் கிடந்தது.

அந்த விளையாட்டை எழுதியவள் அவள். ஆடிப் பார்த்துக் குறை சொல்லும் டெஸ்டர் அவன்.

“மேடம், கால் விளிம்பைத் தாண்டி அந்தரத்துல போன பிறகும் குதிக்க விடறீங்க. உங்க அணிலுக்குக் கருணை ஜாஸ்தி.” ஆபீஸில் சேர்ந்த புதிதில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சே அதுதான். அவள் முறைத்துக்கொண்டே அந்தக் கருணையைக் கண்ணிமைக்கும் நேரமாகக் குறைத்தாள். அப்புறம் அவனையே கல்யாணமும் செய்துகொண்டாள்.

இப்போது அவன் விரல்கள் ஒவ்வொன்றாகச் சொல்பேச்சு கேட்காமல் போய்க்கொண்டிருந்தன. நரம்பில் கோளாறு. இனி ஏற்றம் இல்லை, இறக்கம்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

“இதோ பாரு, இந்த ஒரு பள்ளத்தைத் தாண்டிட்டா திங்கட்கிழமை ஆபீஸ் வரேன். தாண்டலைன்னா இனிமே என்னைக் கூப்பிடாதே” என்றான்.

“புலம்பாம முதல்ல டீயைக் குடிங்க.” கோப்பையை அவன் உதட்டருகே பிடித்து, வாயையும் துடைத்துவிட்டாள். “ஒரு நிமிஷம் இருங்க. சத்தத்துல ஏதோ சின்னப் பிசிறு, சரி பண்ணிடறேன்.”

அவள் விரல்கள் விசைப்பலகையில் படபடவென்று ஓடின.

“ம், இப்ப ஆடுங்க.”

அணில் மறுபடி ஓடியது. ஜன்னல் திரை அசைவதுகூடக் காதில் விழும் அளவுக்கு அறை அமைதியாக இருந்தது. விளிம்பு வந்தது. அணில் ஜிவ்வென்று எழும்பி, அந்தப் பக்கப் பாறையில் பிசகாமல் இறங்கியது.

“பார்த்தீங்களா!” அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “டாக்டருக்கு என்ன தெரியும்? என் டெஸ்டர் சாரோட விரலைப் பத்தி எனக்குத்தானே தெரியும்! திங்கட்கிழமை அந்த நீலச் சட்டை. நானே இஸ்திரி போட்டு வைக்கிறேன்.”

பேசிக்கொண்டே போனவளை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். குறை ஒன்றைக் கண்டுபிடித்தால் மட்டும் வருகிற அந்தப் பழைய சிரிப்பு அவன் உதட்டில் வந்தது. கண்தான் நிறைந்துவிட்டது.

“கருணை ரொம்ப ஜாஸ்தி, மேடம். நான் பட்டனை அழுத்தவே இல்ல.”