மாஸ்கோவரை கேட்ட மணி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்தத் தாடி உதிரட்டும். நாரின் என்ற மலையூர்ப் பள்ளியில் புதுக் கல்வியாண்டு தொடங்குகிறது. வழக்கப்படி, கடைசி வகுப்புத் துராத்தின் தோளில் முதல் வகுப்புப் பெர்மெத், ஆண்டின் முதல் மணியை அடிக்க, கைமணியோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலையில் வெள்ளை ரிப்பன் பூ. காற்று அதைப் பிடித்து அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று அத்தை சட்டைப்பையில் கல் போட்டு அனுப்பியிருக்கிறாள். வெயில் இருக்கிறது, சூடில்லை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் கையில் டேலியாப் பூக்கள் தலை தொங்கிக் கிடக்கின்றன. "மாஸ்கோல இருக்கிற அம்மாவுக்குக் கேக்குமா அண்ணே?" என்கிறாள் பெர்மெத். "கேக்கும். என் காதை விட்டுட்டு மணியைப் பிடி. பலமா ஆட்டு, மாஸ்கோ என்ன அடுத்த தெருவா?" அவள் ஆட்டுகிறாள். முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கை மட்டும் வேறு யாருடையதோ போல ஆடுகிறது. ஓசை மைதானத்தைத் தாண்டுகிறது. சரிவில் மேயும் குதிரைகள் காதை நிமிர்த்துகின்றன. கழுகு ஒன்று பறப்பதை மறந்து நடுவானில் நிற்கிறது. மாஸ்கோவில் தரை துடைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, துணியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். "கேட்டுருச்சு, போதும்" என்கிறான் துராத். பெர்மெத் இன்னும் ஆட்டுகிறாள். அந்த மணியின் நாக்கு போன பனிக்காலத்திலேயே கழன்று விழுந்துவிட்டது.