நாற்பத்திரண்டு மாத்திரைகள்

மூளையின் குறுக்குவெட்டுப் படத்தில் சிவப்பு மையால் மூன்றாவது அம்புக்குறியைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆய்வு மையத்தின் காத்திருப்பு அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். பக்கத்து நாற்காலி அம்மா என் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"டாக்டருக்குப் படிக்கறீங்களா தம்பி?"

"இவனா?" என்று அக்கா முந்திக்கொண்டாள். "உயிரியல் பட்டத்தை மூணாவது பருவத்துல விட்டான். கார் ஓட்டக் கத்துக்கப் போனான், ரிவர்ஸ் எடுக்கறதுக்குள்ள நின்னுட்டான். நீச்சலுக்குப் போய், இன்னும் குளத்து ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்."

"மிதக்க வரும்க்கா."

"கட்டைக்கும்தான் வரும்."

மறுக்க ஒன்றுமில்லை. கிடங்கு ஒன்றில் எனக்கு இரவு வேலை. பெட்டி வரும், அடுக்குவேன், பெட்டி போகும். பகலில் தூக்கம் வராது. என் மாதிரி ஆட்களின் பகல் தூக்கத்துக்கு ஒரு மாத்திரையை இங்கே சோதிக்கிறார்கள் என்று விளம்பரம் பார்த்துப் பெயர் கொடுத்தேன். ஆறு வாரம், நாளுக்கு ஒன்று. இன்று காலை நாற்பத்திரண்டாவதையும் விழுங்கியாயிற்று.

மறுபடி கல்லூரியில் சேர வேண்டும் என்று அக்காவிடம் கேட்டிருந்தேன். கட்டணம் கட்டப்போவது அவள். அதனால் நிபந்தனையும் அவளுடையது.

"எதையாவது ஒண்ணைக் கடைசிவரைக்கும் முடிச்சுக் காட்டு. அப்புறம் பேசலாம்."

நான் முடிப்பதை நேரில் பார்க்கத்தான் இன்று விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே வந்திருந்தாள். என் வார்த்தையை நம்பும் அளவுக்கு அவள் ஏமாளி இல்லை.

முதல் நாளே இங்கே எனக்கு மூக்குடைப்பு. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவருக்கு மாத்திரை டப்பாவோடு ஒரு தடிப் புத்தகமும் கொடுத்தார் நர்ஸ். நானும் கையை நீட்டினேன்.

"உங்களுக்கு அதெல்லாம் இல்லைங்க. மாத்திரையைப் போடுங்க, உடம்புக்கு என்ன செய்யுதுன்னு எழுதுங்க. போதும்."

விண்ணப்பத்தில் படிப்பு என்ற இடத்தில் 'பாதி' என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அதன்பின் அவர் விதிமுறைகளைச் சொன்னபோது, வகுப்பில் என்ன செய்வேனோ அதையே செய்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ரோஷம் வந்துவிட்டது. நேராகப் பொது நூலகத்துக்குப் போய், உடம்பையும் மருந்தையும் பற்றிப் புரிகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்றேன். நூலகர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிறுவர் பகுதியைக் காட்டினார். சரியான கணிப்பு. பட்டப்படிப்பில் மூன்று பருவம் புரியாத செல், அங்கே பதினோராம் பக்கத்தில் புரிந்தது.

பிறகு பள்ளிப் பாடநூல், கல்லூரிப் பாடநூல், ஏதோ ஒரு மருத்துவக் கல்லூரி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த பாடங்கள், ஆய்வுக் கட்டுரையை வாசிப்பது எப்படி என்று ஒரு கையேடு. டப்பாவில் இருந்த பெயரைத் தேடிப் பிடித்து, பக்க விளைவுகளை மனப்பாடம் செய்தேன். வாய் வறட்சி, தலைபாரம், விரல் மதமதப்பு. படித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாடத்திட்டப்படி வேலை செய்கிற மருந்து என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வருவதுபோல் அக்காவும் வந்து உட்கார்ந்தாள்.

டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டினார். "எந்த விரல், எத்தனை நிமிஷம், எந்த நரம்பு... படம்கூடப் போட்டிருக்கீங்களே. இதெல்லாம் எங்க தெரிஞ்சுக்கிட்டீங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் நாற்பத்திரண்டு நாள் காத்திருந்தேன். "நானே தேடிப் படிச்சேன் மேடம். ஒன்பது புத்தகம். குறிப்பே எண்பது பக்கம் இருக்கும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "வெளியில எதையும் தேடிப் படிக்காதீங்கன்னு நர்ஸ் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாங்க. நான் ஜன்னல்கிட்ட இருந்தேன்."

"சரி, இன்னிக்குச் சோதனை முடியுது, இனிமே சொல்லலாம். யாருக்கும் மருந்தே குடுக்கலைங்க. எல்லாருக்கும் வெறும் மாவு மாத்திரைதான். பக்க விளைவைப் பத்திப் படிச்சாலே அது வந்துடுதான்னு பாக்கறதுதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்குப் படிக்கக் குடுத்தோம். நீங்க மீதிப் பாதி."

என் விரல்கள் அப்போதும் மதமதத்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

"நாற்பத்திரண்டையும் போட்டேனே மேடம். அப்ப முடிச்ச மாதிரிதானே?"

"இல்லைங்க. உங்க பதிவைக் கணக்குல சேர்க்க முடியாது. பாதியில விலக்கினதாத்தான் போடணும்."

படிக்காததற்காக என்னை வெளியே அனுப்பியவர்கள் பல பேர். படித்ததற்காக அனுப்புவது இதுதான் முதல் முறை. அக்கா பக்கம் நான் திரும்பவே இல்லை. ரிவர்ஸ், நீச்சல் எல்லாம் மறுபடி வரிசையாக வரும் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அவளோ மேசையிலிருந்த நோட்டை இழுத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். எண்பது பக்கமும் புரட்டிவிட்டு, டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவன் படிச்சதாலதான் விலக்கினோம்னு ஒரு தாள்ல எழுதி, சீல் போட்டுக் குடுத்துடுங்க டாக்டர்."