வழுக்கும் கம்பளி

கம்பளிக் கடையின் ஜன்னல் வெளிச்சத்தில் அக்காவும் தங்கையும் நிற்கிறார்கள். நூற்கக் கற்றுக்கொள்ளப் போகிறவள் அக்கா. படிப்பு, பாட்டு, சமையல் என்று தொட்டதெல்லாம் துலங்கியவள். தங்கைக்கென்று வாய்த்தது நூல் நூற்கும் தக்கிளி ஒன்றுதான். இப்போது அக்கா அதற்கும் ஆசைப்பட்டு வந்துவிட்டாள். கடைக்காரர் சொரசொரப்பான பழுப்புக் கம்பளியை எடுத்து வைக்கிறார். “புதுசா நூக்கறவங்களுக்கு இதுதான் சரி. வழுக்காது.” தங்கை அதை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, வெண்ணெய் போன்ற வெள்ளைக் கம்பளியை அக்காவின் உள்ளங்கையில் வைக்கிறாள். “அக்காவுக்கு மெத்துனு இருந்தாத்தான் பிடிக்கும்.” அக்கா தக்கிளியைச் சுழற்றுகிறாள். இழை வழுக்கி அறுந்து, தக்கிளி தரையில் விழுந்து உருள்கிறது. மறுபடி சுழற்றுகிறாள், மறுபடி அறுகிறது. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தங்கையின் முகத்தைப் பார்த்து அடங்கிவிடுகிறார். அக்காவின் காதுமடல் சிவக்கிறது. விரலில் ஒட்டிய வெள்ளைத் துகளை ஊதிவிட்டுச் சிரிக்கிறாள். “உன் கைவாகு எனக்கு வராதுடி.” தங்கை நாற்பது வருஷமாகக் காத்திருந்த சொல். பழுப்புக் கம்பளியின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. “என்னக்கா சொன்னே? சரியாக் காதுல விழலை” என்கிறாள்.